கிணறு சொல்லும் சாட்சி

விடியற்காலையில் கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கி நீர் மொள்ளுகிற ஒருவர், மேலே வந்த வாளியின் நீர்ப்பரப்பில் மயில் கழுத்தைப் போல நீலமும் பச்சையும் ஊதாவுமாக மினுமினுக்கும் ஒரு மெல்லிய படலத்தைக் கண்டால், அவர் மனத்தில் முதலில் எழுகிற சந்தேகம் இது எண்ணெய்தானா என்பதாகத்தான் இருக்கும். இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளச் சோதனைச்சாலைக்கு ஓடவேண்டியதில்லை. ஓர் ஈர்க்குச்சி போதும். குச்சியால் குத்தும்போது படலமானது பொரித்த அப்பளம் நொறுங்குவதுபோலச் சில்லுசில்லாக உடைந்து, உடைந்த சில்லுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்குமானால், அது இரும்பு கலந்த நீரில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாக்களின் வேலை. அதை எண்ணி அஞ்சவேண்டியதில்லை. குத்திய இடம் உடனே கூடிக்கொண்டு, குச்சி போன சுவடே தெரியாமல் படலம் மறுபடியும் ஒன்றாகிவிடுமானால், அது எண்ணெய்.

எண்ணெய் என்று தெரிந்துவிட்டது, எவ்வளவு எண்ணெய்? இங்கேதான் கண்ணை நம்ப முடியாமல் போகிறது. பெஞ்சமின் பிராங்க்ளின் என்ற அமெரிக்க மேதை லண்டனை அடுத்த கிளாபம் என்னும் இடத்துக் குளமொன்றில் ஒரே ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றிப் பார்த்தபோது, அது பரந்து பரந்து ஏறக்குறைய அரை ஏக்கர் நீர்ப்பரப்பைக் கண்ணாடிபோல் சலனமற்றதாக்கிவிட்ட அதிசயத்தை 1774ஆம் ஆண்டு ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் விவரித்திருக்கிறார். ஆகவே கிணற்றில் நிறம் காட்டுகிற படலம் சில சொட்டுகளாகவும் இருக்கலாம். அடியிலே மறைந்து கிடக்கும் பெருங்கசிவின் ஓரமாகவும் இருக்கலாம். அதற்கு நேர்மாறாக, படலமே இல்லாமல் பளிங்குபோல் தெளிந்திருக்கிற நீரில், குடிக்கத் தகாத அளவுக்கு எரிபொருளின் சத்து கரைந்திருக்கவும் கூடும். ஓரிடத்தில் மிகைப்படுத்திச் சொல்லி, மற்றோரிடத்தில் வாய் திறக்காமலே இருந்துவிடுகிற சாட்சியைப் போன்றது நம் கண்.

இது ஏட்டளவில் நிற்கும் விஷயமன்று. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில், மின்சார நிலையத்தைச் சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக எழுந்த முறைப்பாடு 2014, 2015ஆம் ஆண்டுகளில் தீபகற்பம் முழுவதையும் கலக்கியது. ஆறு என்று சொல்லத்தக்க ஆறே இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கிணற்றையே நம்பி வாழ்ந்த மக்கள், சொந்தக் கிணறு முற்றத்திலே இருக்கத் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டியின் வரவை எதிர்பார்த்துக் குடங்களோடு நிற்கவேண்டியதாயிற்று. வெவ்வேறு குழுவினர் வெவ்வேறு விதமாக முடிவு சொன்னதுதான் அவர்களுடைய வேதனையை இரட்டிப்பாக்கியது. கடைசியில் வழக்கு இலங்கையின் உச்ச நீதிமன்றம்வரை சென்று, 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், மின் உற்பத்தி செய்த நிறுவனம் 2 கோடி ரூபாய் நஷ்டஈடு தரவேண்டுமென்ற தீர்ப்போடு முடிந்தது. ஒரே ஊர்க் கிணறுகளைப் பரிசோதித்தவர்கள் ஒருவரோடொருவர் மாறுபட எப்படி முடிகிறது என்று அன்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கிணற்று நீரை ஒரு புட்டியில் பிடித்து அனுப்பினால் விடை வந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு அதன் விடை விளங்காது. புட்டியில் பிடிக்கும் அந்தக் காரியமே ஒரு சாஸ்திரம் என்பதை அறிந்தால் விளங்கும்.

முதலில், எண்ணெயும் நீரும் ஒட்டாது என்று சிறுவயதிலிருந்து நாம் கேட்டுவந்த வார்த்தையைச் சற்றே திருத்திக்கொள்ளவேண்டும். கோடைக்காலத்தில் குடிநீர்ப் பானையில் வெட்டிவேரைப் போட்டு வைக்கிறோம். வேர் கரைவதில்லை, போட்டபடியே கிடக்கிறது, ஆனால் அதன் மணம் பானை நீர் முழுவதிலும் ஏறிவிடுகிறது. பெட்ரோலும் டீசலும் அப்படித்தான். அவை ஒரே பொருளல்ல, நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் சேர்ந்த கலவை. அவற்றில் பெரும்பாலானவை நீரை அண்டாமல் மேலே மிதந்து நிற்க, பென்சீன், டொலுயீன் முதலிய சில மட்டும் சிறிது சிறிதாக நீரில் இறங்குகின்றன. அந்தச் சிறிதே போதுமானது. இரத்தப் புற்றுநோயை உண்டாக்கவல்ல பென்சீன், குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி ஒன்றில் ஏறக்குறைய இரண்டே சொட்டுப் பென்சீனைக் கலந்தால் எவ்வளவோ அவ்வளவுதான் இந்த வரம்பு. பென்சீன் மட்டும் தனியே இந்த அளவில் கலந்திருந்தால், நாவுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. 'வாடை இல்லை, ஆகையால் தீங்கில்லை' என்ற ஆறுதலுக்கு இங்கே இடமில்லை.

இனி, பூமிக்குள் நடப்பதைப் பார்ப்போம். பழுதுபட்ட ஒரு தொட்டியிலிருந்தோ புதைத்த குழாயிலிருந்தோ ஒழுகிய எரிபொருள், மண்துகள்களின் இடைவெளிகளில் புகுந்து கீழ்நோக்கி இறங்குகிறது. இறங்கும் வழியெல்லாம், எரிந்து முடிந்த அகல்விளக்கைக் கவிழ்த்தாலும் அதன் உட்புறத்தில் எண்ணெய்ப் பசை நின்றுவிடுவதுபோல, ஒரு பங்கு மண்ணிலேயே தங்கிவிடுகிறது. மிச்சம், நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும், நீரைவிட இலேசாகையால் மேலும் இறங்கமாட்டாமல் பக்கவாட்டில் பரவுகிறது. தோசைக்கல்லில் மாவு பரவினாற்போல நீருக்குமேல் எண்ணெய் ஒரு தனி அடுக்காகப் படிந்திருக்கும் என்றுதான் முன்பு நினைத்தார்கள். உண்மை அவ்வளவு எளிமையானதன்று. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நீர்மட்டத்துக்கு மேலேயும் மண்ணின் நுண்ணிய இடைவெளிகளில் நீர் தானாக ஏறி நிற்கிறது. இதை நுண்புழை ஏற்றம் என்பார்கள். வந்த எண்ணெய் இந்த ஈரப்பகுதியில் நீரைத் துரத்திவிட்டுக் குடியேறுவதில்லை. ஒரே வீட்டில் ஒண்டுக்குடித்தனம் செய்வதுபோல, ஒரே இடைவெளியில் நீரும் எண்ணெயும் காற்றும் பங்கு போட்டுக்கொண்டு இருக்கின்றன.

இதனால் விளையும் ஒரு விசித்திரத்தைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். மெய்யாகவே இந்தத் துறையில் பழகாதவர்களை ஏமாற்றும் இடம் இதுதான். கிணறு என்பது மண் இல்லாத வெற்றிடம். அங்கே நுண்புழை ஏற்றம் கிடையாது. ஆகையால் சுற்றுமுள்ள மண்ணில் நீர்மட்டத்துக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும் எண்ணெய், கிணற்றைக் கண்டதும் அதற்குள் வடிந்து, உள்ளே நிற்கும் நீரைத் தன் பாரத்தால் கீழே அமுக்கிவிட்டு, தான் தடித்த அடுக்காக நின்றுகொள்கிறது. கிணற்றுக்குள் ஒரு முழம் எண்ணெய் நிற்பதைப் பார்த்து, பூமிக்கடியிலும் ஒரு முழ ஆழத்துக்கு எண்ணெய் ஏரி இருக்கிறதென்று கணக்குப் போட்டவர்கள், இறைத்துப் பார்த்தபோது எதிர்பார்த்ததில் சிறு பகுதியே கிடைக்கக் கண்டு திகைத்திருக்கிறார்கள்.

அன்றியும், நிலத்தடி நீர்மட்டம் ஒரே இடத்தில் நிற்பதன்று. மழைக்காலத்தில் ஏறுகிறது, கோடையில் இறங்குகிறது. ஏறும்போது எண்ணெயையும் உடன் தூக்கிச்சென்று, மண் இடைவெளிகளில் சிறு சிறு துளிகளாக நீருக்குள்ளேயே சிறைப்படுத்திவிடுகிறது. இறங்கும்போது அந்தத் துளிகளில் ஒரு பகுதி விடுபட்டு மீண்டும் வடிகிறது. இப்படி ஆண்டுதோறும் ஏறி இறங்கி, சுவருக்குப் பூச்சு பூசினாற்போல எண்ணெய் பூசப்பட்ட ஒரு மண்படை உண்டாகிறது. அதைப் பூச்சுமண்டலம் என்று சொல்லலாம். இதன் பயன் என்னவென்றால், மழைக்காலத்தில் நீர் நிறைந்திருக்கும் கிணற்றை நோக்கினால் எண்ணெயே காணாமல் 'சுத்தமாகிவிட்டது' என்று சந்தோஷப்படுகிறோம். கோடையில் அதே கிணற்றில் எண்ணெய் அடுக்கு தடித்து நிற்பதைக் கண்டு 'புதிதாகக் கசிந்துவிட்டது' என்று கலங்குகிறோம். எண்ணெய் கூடவுமில்லை, குறையவுமில்லை, நீர்மட்டந்தான் மாறியிருக்கிறது. ஒருநாள் எடுத்த ஒரு மாதிரியைக் கொண்டு ஒரு கிணற்றின் நிலையைத் தீர்ப்புச் செய்பவர், ஒருநாள் மட்டும் நாடி பார்த்துவிட்டு ஆயுள் முழுவதற்கும் சொல்லிவிடும் வைத்தியரை ஒத்தவர்.

மிதக்கும் எண்ணெய் பெரும்பாலும் தன் இடத்திலேயே கிடக்க, அதிலிருந்து கரைந்த சத்துக்கள் நிலத்தடி நீரோடு ஊர்ந்து செல்கின்றன. ஊற்றிடத்தில் குறுகித் தொடங்கி, நீர் போகும் திசையில் நீண்டு அகன்று கிடக்கும் இந்த உருவம் மயில் நீட்டி விரித்த தோகையை நினைவூட்டுவதால், மாசுத்தோகை என்று இதைக் குறிப்பிடுவேன். தோகை எத்திசையில் நீண்டிருக்கிறதென்று அறிய ஒரு கிணறு போதாது, இரண்டும் போதாது, குறைந்தது மூன்று வேண்டும். முக்காலியின் மூன்று கால்களின் உயரத்தையும் அளந்தால் அதன் பலகை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதென்று சொல்லிவிடலாமல்லவா? அதுபோல, ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தைக் கடல்மட்டத்தோடு ஒப்பிட்டுத் துல்லியமாக அளந்தால், நிலத்தடி நீர் சாயும் திசை புலப்படும். பூமியின் மேற்பரப்பு சாயும் திசையிலேதான் அடிநீரும் ஓடுமென்று கொள்வது பல இடங்களில் சரியாக வரும். தவறாக வரும் இடங்களில் மாசு ஒரு பக்கம் போக, சோதனை இன்னொரு பக்கம் நடந்துகொண்டிருக்கும்.

சாதாரண வீட்டுக் கிணறுகளையே இதற்கு உபயோகிக்கலாகாதா என்று கேட்கலாம். அவை துன்பத்தை முதலில் அறிவிக்கின்றன; ஆனால் நுட்பமான வினாக்களுக்கு விடை சொல்லத் தகுந்தவையல்ல. திறந்த கிணற்றில் பல ஆழங்களிலிருந்து ஊறும் நீர் ஒன்றாகக் கலக்கிறது. காற்றுப் பட்டுப் பென்சீன் பறந்துபோகிறது. இறைக்கும் வாளியிலும் மோட்டார் பம்பிலும் உள்ள எண்ணெய்ப்பசை உள்ளே விழுகிறது. ஆழ்துளைக் கிணறோவென்றால், மேலே மிதக்கும் எண்ணெயைத் தீண்டாமல் அடியிலுள்ள நீரை மட்டும் தரக்கூடும். ஆகவே இதற்கென்றே கண்காணிப்புக் கிணறுகளை அமைக்கிறார்கள். பூமியில் ஒரு துளையிட்டு, உள்ளங்கை அகலமோ அதற்கும் குறைவான அகலமோ உள்ள பிளாஸ்டிக் குழாயை நிறுத்துவார்கள். குழாயின் ஒரு பகுதியில் மயிரிழைபோன்ற பிளவுகள் வெட்டப்பட்டிருக்கும். எரிபொருளைத் தேடும் கிணற்றில் இந்தப் பிளவுப் பகுதி, நீர்மட்டம் ஆண்டு முழுவதும் ஏறி இறங்கும் வீச்சை முழுவதும் உள்ளடக்கி நிற்கவேண்டும். நீருக்குள்ளே அமிழ்ந்துவிட்டால், மிதக்கும் எண்ணெய் குழாய்க்கு வெளியே நிற்க, உள்ளே சுத்தமான நீர் மட்டும் தென்பட்டு நம்மை வஞ்சிக்கும். பிளவுகளைச் சுற்றிச் சலித்த மணலை நிரப்பி, அதற்குமேல் பென்டனைட் என்ற களிமண்ணை இடுவார்கள். நீர் பட்டதும் ஊறவைத்த அரிசியைவிடப் பன்மடங்கு உப்புவது இந்தக் களிமண். துளைக்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள இடைவெளியை இது அடைத்துவிடுவதால், மேலே பெய்த மழைநீரும் தெருச் சாக்கடையும் குழாயை ஒட்டி வழிந்து உள்ளே இறங்கிப் பொய்ச்சாட்சி சொல்ல வழியில்லாமற் போகிறது. அதன்மேல் சிமெண்டு, அதன்மேல் பூட்டுப் போட்ட மூடி.

மாதிரி எடுக்கப் போகிறவர் முதலில் செய்வது நீரைத் தொடாமல் அளப்பது. பெட்ரோல் பங்கில் பூமிக்கடியிலுள்ள தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க, அளவுகோலின் நுனியில் ஒரு பசையைத் தடவி இறக்குவதைச் சிலர் பார்த்திருப்பார்கள். தண்ணீர் பட்ட உயரம்வரை அந்தப் பசை நிறம் மாறும். அந்த யுக்தியின் வளர்ச்சியே கிணறுகளில் இறக்கும் இடைமுக அளவி. நீண்ட நாடாவின் நுனியிலுள்ள கருவி எண்ணெயைத் தொட்டதும் ஒருவிதமாகவும், மின்சாரத்தைக் கடத்தும் நீரைத் தொட்டதும் வேறுவிதமாகவும் ஒலிக்கும்; இரண்டு ஒலிகளுக்கும் இடையிலுள்ள நாடாவின் நீளமே எண்ணெய் அடுக்கின் கனம்.

பிறகு நீர். ஊர்க் கைபம்பில் காலையில் முதல் குடத்து நீரைக் கொட்டிவிட்டு இரண்டாவது குடத்தைப் பிடிக்கும் வழக்கம் நம் பெண்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததன்று. குழாயில் இரவெல்லாம் தேங்கிக் கிடந்த நீர் பூமியின் நீரன்று, குழாயின் நீர் என்பதை அனுபவம் அவர்களுக்குச் சொல்லிவிட்டது. கண்காணிப்புக் கிணற்றிலும் அப்படியே. மாதங்கணக்கில் தேங்கிய நீரை அகற்றினால்தான் மண்ணிலிருந்து புதிதாக வரும் நீர் கிடைக்கும். குழாயில் நிற்கும் நீரைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கை இறைத்துவிட்டு எடுப்பது பழைய முறை. அதில் ஒரு கேடு உண்டு: வேகமாக இறைத்தால் மண் கலங்குகிறது, கலங்கலில் ஒட்டிய எண்ணெயும் சேர்ந்து வருகிறது, நீர் சிதறி விழும்போது பென்சீன் காற்றோடு போகிறது. அதனால் 1990களிலிருந்து, நிமிஷத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டர்வரை, அதாவது ஒரு டம்ளர் அளவை அவசரமில்லாமல் இழுக்கும் மெதுவிறைப்பு முறை பரவியிருக்கிறது. இழுக்கும் நீரின் அமிலநிலை, மின்கடத்தும் திறன், கரைந்த ஆக்ஸிஜன், கலங்கல் ஆகியவற்றை அளந்துகொண்டே இருப்பார்கள். அடுத்தடுத்து மூன்று அளவீடுகள் ஏறக்குறைய ஒன்றாக வந்தால், குழாயின் நீர் போய்ப் பூமியின் நீர் வந்துவிட்டதென்று அறிந்து மாதிரியை எடுப்பார்கள். ஒரு கிணற்றுக்கே ஒருமணி நேரமும் ஆகிவிடுவதுண்டு. இதைப் பார்ப்பவர்களுக்கு வீண் தாமதமென்று தோன்றும். ஆனால் என் அபிப்பிராயத்தில், கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கிய சோதனைச்சாலைக் கருவிகளின் மதிப்பு முழுவதும் இந்த ஒருமணி நேரப் பொறுமையில்தான் அடங்கியிருக்கிறது.

மாதிரி பிடிக்கும் குப்பி 40 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு கண்ணாடிக் குப்பி. அதைத் ததும்பத் ததும்ப நிரப்பி, நீர் விளிம்புக்குமேல் குவிந்து நிற்கும்போதே மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்கவேண்டும். ஒரு குமிழி மேலெழுந்தாலும் மாதிரி கெட்டது. சோடாப் புட்டியைத் திறந்தால் நீரிலுள்ள வாயு வெளியேறுவதுபோல, குப்பியிலுள்ள காற்றிடத்துக்குள் பென்சீன் ஏறிப் பதுங்கிவிடும். நீரிலுள்ள நுண்ணுயிர்கள் வழியிலேயே பென்சீனைத் தின்றுவிடாதபடி சில துளி அமிலம் சேர்த்து, பனிக்கட்டியில் வைத்து, பதினான்கு நாட்களுக்குள் சோதித்துவிடவேண்டும். வேறொரு குப்பியும் கூடவே பிரயாணம் செய்கிறது. சோதனைச்சாலையில் தூய நீரால் நிரப்பி மூடிய அது, மற்றக் குப்பிகளோடு ஊருக்கு வந்து, ஒருமுறையும் திறக்கப்படாமல் திரும்பிச் செல்கிறது. சாட்சிக் குப்பி என்று அதைச் சொல்லலாம். அதிலும் பென்சீன் காணப்பட்டால், கிணற்றின்மீது குற்றமில்லை, கொண்டுசென்ற பெட்டியிலோ வண்டியிலோதான் குற்றம் என்று தெரிந்துவிடும். வழியில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு அதே கையுறையோடு குப்பியைத் தொட்டாலும், ஓடுகிற எஞ்சினின் புகை வீசும் பக்கத்தில் நின்று நீர் பிடித்தாலும் மாசற்ற கிணறு மாசுள்ளதாகிவிடும். மாசு குறைந்த கிணற்றில் தொடங்கி மிகுந்த கிணற்றில் முடிக்கவேண்டும் என்ற விதியும் இந்த அச்சத்தினால் ஏற்பட்டதே.

சோதனைச்சாலையில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாயு வண்ணப்பிரிகை என்ற முறையில், மாதிரியிலிருந்து பிரித்த ஆவியைப் பல மீட்டர் நீளமுள்ள மயிரிழைக் குழாயின் வழியே ஓடவிடுகிறார்கள். தேர்த்திருவிழாவன்று கடைத்தெருவில் ஒரே சமயத்தில் நுழைகிற கூட்டத்தில், எந்தக் கடையிலும் நிற்காதவர்கள் முதலில் வெளியேறுகிறார்கள்; ஒவ்வொரு கடையிலும் நின்று விலை கேட்பவர்கள் கடைசியில் வருகிறார்கள். குழாயின் உட்பூச்சோடு ஒவ்வொரு பொருளும் கொள்ளும் உறவுக்கேற்ப அது வெளிவரும் நேரம் அமைகிறது. எந்தப் பொருள் எப்போது வரும் என்பதை முன்பே தூய பொருளைக் கொண்டு குறித்துவைத்திருப்பதால், வந்த நேரத்தைக் கொண்டு இன்னதென்றும், வந்த அளவைக் கொண்டு இவ்வளவென்றும் அறிகிறார்கள். ஆனால் எதைத் தேடுகிறோம் என்பதை நாம்தான் தீர்மானிக்கவேண்டும். எண்ணெய்ப் பசையின் மொத்த அளவைக் காணும் சோதனை ஒன்று. பென்சீன் முதலான எளிதில் ஆவியாகும் பொருள்களைத் தனித்தனியே காணும் சோதனை வேறு. கழிவு மசகு எண்ணெயிலும் கனத்த எரியெண்ணெயிலும் பென்சீன் மிகக் குறைவு. ஆகையால் அவை கலந்த நீரில் இரண்டாவது சோதனை 'ஒன்றுமில்லை' என்று சொல்ல, முதல் சோதனை 'இருக்கிறது' என்று சொல்லலாம். இரண்டும் உண்மையே. 'பென்சீன் இல்லை' என்பது 'எண்ணெய் இல்லை' என்பதாகாது.

இத்தனை கிணறுகளும் குப்பிகளும் சேர்ந்து நமக்கு என்ன கற்பித்திருக்கின்றன? இதற்கு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குப் போகவேண்டும். பெமிட்ஜி என்ற ஊருக்கு அருகில் 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் தேதி ஒரு பெருங்குழாய் வெடித்து, சுமார் 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் பீறிட்டுப் பரவியது. இறைத்தும் எரித்தும் மண்ணை வாரியும் முக்கால் பங்கை அகற்றினார்கள். ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர் மணலுக்குள்ளேயே நின்றுவிட்டது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை 1983ஆம் ஆண்டில் அந்த இடத்தையே ஓர் இயற்கைச் சோதனைச்சாலையாக்கிக்கொண்டு, கிணறு கிணறாக அமைத்து, ஆண்டாண்டாக மாதிரி எடுக்கத் தொடங்கியது. அவர்கள் கண்ட முதல் புதுமை, பென்சீன் முதலியவை நிலத்தடி நீர் ஓடும் வேகத்தில் முன்னேறாமல் பின்தங்கியிருந்தது. நடுவழியில் அவற்றை ஏதோ ஒன்று தடுத்துக்கொண்டிருந்தது.

வெறும் கலப்பினால் செறிவு குறைந்திருக்கலாமே என்ற ஆட்சேபத்துக்கு அவர்கள் பதில் தேடிய விதம் அழகானது. மாசை மட்டும் அளக்காமல், மாசோடு சம்பந்தமில்லாததுபோல் தோன்றும் ஆக்ஸிஜன், இரும்பு, மீத்தேன் ஆகியவற்றையும் அளந்தார்கள். எண்ணெயின் அருகில் ஆக்ஸிஜன் முற்றும் தீர்ந்திருந்தது; மணலில் துருவாக ஒட்டியிருந்த இரும்பு கரைந்து நீரில் மிகுந்திருந்தது; மீத்தேன் உற்பத்தியாகியிருந்தது. நீர் கலந்து மெலிவதனால் இரும்பு கரையாது, மீத்தேன் பிறக்காது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அங்கே பந்தியில் அமர்ந்து உண்கின்றன என்பதற்கு இவை எச்சில் இலைகள். முதலில் ஆக்ஸிஜனைக் கொண்டும், அது தீர்ந்தபின் துருவிலுள்ள இரும்பைக் கொண்டும் சுவாசித்து, பாக்டீரியாக்கள் எண்ணெயின் சத்தைச் சிதைக்கின்றன. டெரெக் லவ்லி என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 1989ஆம் ஆண்டில், இரும்பைக் கொண்டே பென்சீன் இனத்து நறுமண ஹைட்ரோகார்பன்களை உண்ணும் நுண்ணுயிர்ச் செயலை நிரூபித்துக் காட்டினார்கள். ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் இவை சிதையமாட்டா என்று நிலவிய எண்ணம் அதனால் அசைந்தது.

இதைக் கேட்டவுடன், இயற்கையே பார்த்துக்கொள்ளும், நாம் சும்மா இருக்கலாம் என்று மகிழ்ந்துவிடலாகாது. மணலிலுள்ள துரு வற்றாத ஊற்றன்று. அது தீரத் தீர மாசு மெல்ல முன்னேறுவதையும் அதே பெமிட்ஜியின் கிணறுகள்தாம் காட்டின. எண்ணெய் இன்னும் அங்கே இருக்கிறது. அன்றியும் பெட்ரோலில் சேர்க்கப்பட்ட எம்டிபிஇ போன்ற பொருள்களை நுண்ணுயிர்கள் அவ்வளவு எளிதில் உண்பதில்லை. மண்ணிலும் அவை ஒட்டுவதில்லை. கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்கா நகரம் 1996ஆம் ஆண்டில் தன் குடிநீரில் பாதியை இழந்தது அந்தப் பொருளினால்தான்.

சுன்னாகத்துப் பூமி பெமிட்ஜியின் மணற்பூமியைப்போன்றதுமன்று. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. நீர் அரித்த வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த அந்தக் கல்லுக்குள் நீர் ஓரிடத்தில் நடக்கும், ஓரிடத்தில் ஓடும். அங்குள்ள நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை என்று வழங்கும் கர்ணபரம்பரைக் கதைகளுக்குக் காரணமும் இந்தக் குகைகளே. அடுத்தடுத்த வீடுகளில் ஒன்றின் கிணறு கெட்டும் மற்றொன்று கெடாமலும் இருப்பது இப்படிப்பட்ட நிலத்தில் சாதாரணம்; ஒரு கிணற்றைச் சோதித்து ஒரு தெருவுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மேலும், அங்குள்ள நன்னீரே கடல்நீரின்மேல் எண்ணெய்போல் மிதந்து நிற்பது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் இருந்தால் கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் ஆழம்வரை அது நிற்குமென்பது கணக்கு. மாசு நீரை வெளியேற்றுகிறோமென்று கண்மூடித்தனமாக இறைத்தால், அடியிலிருந்து உப்புநீர் ஏறிவிடும். பூமியை அறியாமல் வைத்தியம் செய்ய இயலாது.

ஆகையால், உங்கள் ஊர்க் கிணறுகளைப்பற்றி யாரேனும் ஓர் அறிக்கையைத் தந்தால், 'நல்லதா, கெட்டதா?' என்ற ஒரு வரியோடு திருப்தியடையாதீர்கள். எந்த மாதத்தில் எடுத்தது, அன்று நீர்மட்டம் எவ்வளவு, எந்த ஆழத்திலிருந்து எடுத்தது, எந்தப் பொருளைத் தேடியது, எவ்வளவு சிறிய அளவைக் கண்டுபிடிக்கவல்ல கருவி, சாட்சிக் குப்பியின் விடை என்ன என்று கேளுங்கள். இவற்றைக் கேட்கும் உரிமை கிணற்று நீரைக் குடிக்கிற ஒவ்வொருவருக்கும் உண்டு. கிணற்றில் எரிபொருள் வாடை வீசினால் நெருப்பைக் காட்டிப் பார்க்கும் விபரீதத்தைச் செய்யாமல், இறைப்பதை நிறுத்தி மூடிவையுங்கள். வாடை எதுவும் இல்லாத நல்ல நாளிலேயே, மாதத்துக்கு ஒருமுறை ஒரு கயிற்றில் சிறு கல்லைக் கட்டி இறக்கி, கிணற்றின் விளிம்பிலிருந்து நீர் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறதென்று அளந்து, அந்தத் தேதியின் கீழே காலண்டரில் எழுதிவாருங்கள். பிற்காலத்தில் என்றேனும் ஒரு நிபுணர் உங்கள் வாசலுக்கு வரும்படி நேர்ந்தால், அவர் முதலில் கேட்கப்போவது அந்தக் கணக்கைத்தான்.